முப்பத்திரண்டு கம்பியும் பத்து நிமிடமும்

தொழில் பழகும் உங்களில் நாலைந்து பேர் சேர்ந்து வந்து, சக்கரத்தில் கோட்டம் எடுக்கும் விதத்தை ஒரு நோட்டில் எழுதித் தரச் சொன்னீர்கள். முயன்று பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். வளைந்த ரிம்மை எந்தப் பக்கம் இழுப்பது, கம்பி நுனியில் இருக்கும் நிப்பிளை எவ்வளவு திருகுவது என்பதெல்லாம் எழுத்தில் வருகிற காரியமில்லை. சக்கரத்தை ஏற்றிச் சுற்றிப் பார்க்கும் ஸ்டாண்டின் முன்னால் ஒரு வருடம் உட்கார்ந்தால் விரலே சொல்லிக்கொடுக்கும். விரல் சொல்லிக்கொடுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. சக்கரம் நம் கையில் இருக்கும்போது அதன் சொந்தக்காரர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பது. அதைப் பற்றி எழுதுகிறேன். ஒரே ஒரு நாளில் நடந்தது. அந்த ஒரு நாள் போதும்.

வேலையில் இருந்த இருபத்தாறு வருடமும் நான் குறிப்பு எழுதி வந்தேன். யாருடைய சக்கரம், முன்னா பின்னா, எந்தப் பக்கத்துக் கம்பி, எத்தனை மணிக்குக் கையில் எடுத்தேன், எத்தனை மணிக்கு முடித்தேன், அவ்வளவுதான். என்னோடு வேலை பார்த்த கஜா இதைக் கண்டு சிரிப்பான். “இன்னா மாமே, சக்கரத்துக்கு ஜாதகம் எழுதிகினு கீறியா?” என்பான். மணிக்கட்டு மடங்காமல் போய் வேலையை விட்ட பிறகு அந்த நோட்டுகளை வருட வாரியாக அடுக்கி வைத்தேன். இதில் வரும் மணிக்கணக்கு பெரும்பாலும் அங்கிருந்து எடுத்தது.

எண்பதுகளின் கடைசி. எங்கள் கடை ஆவடியில், தொழிற்சாலை வாசலுக்குப் போகும் சாலையில் இருந்தது. காலை ஏழு மணியிலிருந்து ஏழரைச் சங்கு ஊதும்வரை அந்தச் சாலையில் சைக்கிளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. அந்த நேரத்தில் ஒருவருக்குச் சக்கரம் வளைந்தால் உட்கார்ந்து கோட்டம் எடுக்க அவகாசம் இல்லை. அதற்காக அந்தப் பக்கத்துக் கடைகளில் கைமாற்றுச் சக்கரம் என்று ஒரு வழக்கம் இருந்தது. வளைந்த முன் சக்கரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கடைக்குச் சொந்தமான சக்கரம் ஒன்றை மாட்டி அனுப்பிவிடுவோம். இரண்டு நட்டுதான். மாலையில் வேலை விட்டு வரும்போது அவருடைய சக்கரம் தயாராக இருக்கும். மாற்றிக்கொண்டு போவார். பின் சக்கரத்துக்கு இது சரிப்படாது. செயின், ஃப்ரீவீல் என்று நேரம் பிடிக்கும்.

எங்களிடம் கைமாற்றுச் சக்கரம் மூன்று இருந்தன. அடையாளத்துக்கு நடுவில் இருக்கும் ஹப்பில் பச்சை பெயிண்ட் அடித்திருந்தோம். வேலை முடிந்து சொந்தக்காரருக்காகக் காத்திருக்கும் சக்கரங்கள் தனியாக உத்தரத்துக் கொக்கியில் தொங்கும். கொக்கியில் இருப்பதை எடுத்து இன்னொருவருக்கு மாட்டக்கூடாது. முதலாளி போட்ட விதி அது. அவர் போட்டிருக்காவிட்டாலும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான்.

காதர் பாய் மெத்தை தைப்பவர். பூந்தமல்லிக்காரர். தொழிலுக்காக இங்கே வந்து எங்கள் கடைக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் குடியிருந்தார். குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் போய்ப் பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, வெயிலில் காயவைத்துத் தைத்துக் கொடுப்பார். அவர் வந்தால் கூடவே பஞ்சுத் துகளும் வரும். ஓர் அக்டோபர் மாத மாலையில் முன் சக்கரத்தை மட்டும் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். மூன்று கம்பி உடைந்திருந்தது.

“எப்ப வேணும் பாய்?” என்றேன்.

“நாளிக்கு சாயங்காலம் போதும் மேஸ்திரி. நாளிக்கு நான் வேலைக்குப் போவல. பொண்ணுக்குப் பரீட்ச. பூந்தமல்லி இட்டுகினு போவணும். பஸ்ஸுலயே பூடுவோம்.”

அவருடைய மகள் ஷமீமா பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறியிருந்தாள். இப்போது தனித்தேர்வராக எழுதுகிறாள். தனித்தேர்வர்களுக்கு மையம் பூந்தமல்லியில் போட்டிருந்தார்கள்.

“இந்த ஒரு பேப்பருதான். இத்த எழுதிட்டான்னா பதினொண்ணுல சேத்துடலாம். எங்க அண்ணன் ஒரு பையனப் பாத்து வெச்சிகினு கீறாரு. இந்த தபாவும் பாஸாவலன்னா நிக்காஹ்தான்னு கண்டிசனா சொல்லிட்டாரு. அதுக்கு இன்னும் படிக்கணும்னு ஆச. ராவும் பகலும் குந்திகினு கணக்கு போடுது. நான் தூங்கச் சொன்னா, அத்தா நீங்க தூங்குங்கன்னுது.”

“பாஸாயிடும் பாய், கவலப்படாதீங்க,” என்றேன்.

அன்றே வேலையை முடித்தேன். 6.10க்கு எடுத்தது, 6.40க்கு முடிந்தது. கொக்கியில் மாட்டினேன்.

மறுநாள் பஸ் ஓடவில்லை. முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம். நான் வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவன். ஆவடியில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சாலை முழுக்க ஜனம் நடந்துகொண்டிருந்தது. தூறல் வேறு. கஜா பக்கத்திலேயே குடியிருந்ததால் ஆறு மணிக்கே கடையைத் திறந்துவிட்டான். வாடகைக்கு விடும் சைக்கிள்கள் அத்தனையும் போய்விட்டன. கடைச் சைக்கிளையும் யாரோ கெஞ்சி வாங்கிப் போயிருந்தார். ஜனங்கள் வீட்டு மூலையில் கிடந்த பழைய சைக்கிளையெல்லாம் அன்று வெளியே எடுத்ததால், கைமாற்றுச் சக்கரம் மூன்றும் ஏழு மணிக்குள் போய்விட்டன.

“மாமே, நீயும் நானுந்தான் பாக்கி. நம்மளுக்கு ரெண்டு பெடல் இருந்தா நம்மளையும் ஓட்டிகினு பூடுவானுங்க,” என்றான் கஜா.

7.18க்குச் சண்முகையா வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், தொழிற்சாலையில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். குறுக்கே நாய் விழுந்து, நடைபாதைக் கல்லில் மோதி, முன் சக்கரம் பொரித்த அப்பளம் போல் மடங்கியிருந்தது. முழங்கையில் ரத்தம் வழிந்ததை அவர் கவனிக்கவில்லை.

“அண்ணாச்சி, ஒரு சக்கரத்த மாட்டி விடுங்க. இந்த மாசம் ரெண்டு லேட்டு ஆயிட்டு. இன்னைக்கும் போச்சுன்னா மெமோ எழுதி நீட்டிருவான்.”

“மூணும் வெளியே போயிடுச்சேங்க.”

அவர் அண்ணாந்து பார்த்தார். கொக்கியில் காதர் பாயின் சக்கரம் மட்டும் தொங்கியது.

“அந்தா தொங்குதே, அது?”

“அது வேறொருத்தருது.”

“அவரு எப்ப வருவாரு?”

“சாயங்காலம்.”

“நான் நாலரைக்கு வெளிய வந்துருவேன் அண்ணாச்சி. நாலே முக்காலுக்கு அது ஒங்க கொக்கியில தொங்கும். அவருக்குத் தெரியவா போவுது? நின்னு யோசிக்கதுக்கு நேரமில்ல, பாத்துக்கிடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். கஜா ஸ்பானரோடு நின்றுகொண்டு, “பாயோடதாச்சே மாமே,” என்றான். “சாயங்காலம் போதும்னுதான் சொன்னார்,” என்றேன். சண்முகையா போன சிறிது நேரத்தில் சங்கு ஊதியது. ஒருவரை நேரத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகப் போகிறார்கள் என்பதும் தெரியும். இன்று பஸ் இல்லை என்பதும் தெரியும். மூன்றும் தனித்தனியே என் தலைக்குள் இருந்தன. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. கண் எதிரே நிற்பவரின் அவசரம் அவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை நீங்களும் ஒருநாள் அனுபவிப்பீர்கள்.

சண்முகையாவின் சக்கரத்தைக் கையில் எடுத்தபோது மணி 7.50. டயரையும் ட்யூபையும் உருவி, ரிம்மைத் தரையில் போட்டு மிதித்து ஓரளவு தட்டையாக்கி, ஸ்டாண்டில் ஏற்றினேன்.

8.40க்குக் காதர் பாய் வந்தார். முன் சக்கரம் இல்லாத சைக்கிளை, ஹேண்டில்பாரைத் தூக்கிப் பிடித்தபடி பின் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஷமீமா. தலையில் துப்பட்டா. ஹால் டிக்கெட்டை ஒரு பால் கவருக்குள் போட்டு, ஜியாமெட்ரி பாக்ஸோடு சேர்த்து மார்பில் அணைத்திருந்தாள். கையில் கட்டியிருந்த கடிகாரம் அவளுக்குப் பெரிது. அப்பாவுடையதாக இருக்க வேண்டும்.

“நல்ல வேள மேஸ்திரி, நேத்தே உங்க கையில குடுத்தேன். பஸ்ஸு ஒண்ணும் காணோம். மாட்டிக் குடுங்க, மிதிச்சிகினே பூடறோம். பத்து மணிக்குப் பரீட்ச.”

நான் கொக்கியைப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

“பத்து நிமிஷம் பாய்,” என்றேன். “ரிம்முல இன்னொரு கோட்டம் இருக்கறத இப்பத்தான் பாத்தேன். எடுத்துக் குடுத்துடறேன். உக்காருங்க.”

ஸ்டாண்டில் இருந்த சக்கரத்தைக் காட்டித்தான் இதைச் சொன்னேன். டயரை உருவிவிட்டால் எல்லா ரிம்மும் ஒன்றுதான். அது தன்னுடையது என்று அவர் நம்பினார். மூலையில் கிடந்த வழுக்கை டயரும் அவருடைய வழுக்கை டயர் மாதிரியேதான் இருந்தது.

நம் தொழிலில் எதற்கும் பத்து நிமிடம் என்கிறோம். பஞ்சருக்கும் பத்து நிமிடம், பெடல் மாற்றவும் பத்து நிமிடம், முழு சைக்கிளையும் பிரித்து மாட்டவும் பத்து நிமிடம். எதிரில் இருப்பவரை உட்கார வைக்கத்தான் அப்படிச் சொல்கிறோம். அன்றும் அந்தப் பழக்கத்தில்தான் வாயில் வந்தது. ஆனால் சொல்லி முடித்த உடனே அதற்குப் பொருத்தமாக ஒரு திட்டமும் மனதில் வந்துவிட்டது. இந்தச் சக்கரம் பாதி தேறிவிட்டது. எப்படியும் கால் மணியில் முடியும். அவர்கள் இதை மாட்டிக்கொண்டு போகட்டும். சாயங்காலம் சண்முகையா வந்ததும் மாற்றிவிடலாம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கஜா சுத்தியல் எடுக்கும் சாக்கில் என் பக்கத்தில் வந்து குனிந்தான்.

“மாமே, சொல்லிடு. சக்கரம் இல்லன்னு சொன்னா வேற எங்கனா போய்ப் பாப்பாங்க.”

“முடிஞ்சிடும். சும்மா இரு.”

“அது மடங்குன ரிம்மு மாமே.”

“சும்மா இருடா.”

தகப்பனும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் ஒரு சின்ன நோட்டைப் பிரித்து உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காதர் பாய்க்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“கண்ணு, மேஸ்திரி கையில சக்கரம் கீது பாரு. அதுக்கு சுத்தளவு எப்டி எடுப்பே?”

“ரெண்டு பை ஆர், அத்தா.”

“பாத்தீங்களா மேஸ்திரி! கேட்டவொடனே சொல்லுது. போன தபா ஒடம்பு சரியில்ல, அதான் போச்சு.”

“அத்தா, சும்மா இருங்க. எனக்கு மறந்துபூடும்.”

ரிம் ஓரிடத்தில் முறிந்த மாதிரி மடிந்திருந்தது. அந்த இடத்தை ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் வெளியே துருத்திக்கொள்ளும். முறுக்கு ஏற ஏற, நன்றாக இருந்த கம்பியும் ‘டப்’பென்று அறுந்து என் கைமேலே தெறித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

8.55. “ஆச்சா மேஸ்திரி?”

“இதோ பாய், இன்னும் பத்து நிமிஷம்.”

“அத்தா, மணி ஒம்பது ஆவப்போவுது.”

“மேஸ்திரிதான் சொல்றாரு இல்ல, குந்து. அவருக்குத் தெரியாதா?”

9.15க்குச் சக்கரம் சுற்றியது. ஆனால் ஒரு விரல் அகலத்துக்கு இப்படியும் அப்படியும் ஆடியது. கஜாவால் பொறுக்க முடியவில்லை. வெளிப்படையாகவே, “குடுத்துடு மாமே. பிரேக்கு கட்டையக் கழட்டி வுட்டா ஓடும்,” என்றான். காதர் பாய் எழுந்து நின்றுவிட்டார். “ஓடும்னா குடுங்க மேஸ்திரி. ஆட்டம் இருந்தா இன்னா, மெதுவா மிதிக்கிறேன்.”

நான் கொடுக்கவில்லை. மழை ஈரம், பிரேக் இல்லாத முன் சக்கரம், பின்னால் ஒரு பெண் பிள்ளை, எட்டு கிலோமீட்டர் தூரம். ரிம் அதே மடிப்பில் மறுபடி மடங்கினால் லாரி ஓடும் சாலையில் இரண்டு பேரும் விழுவார்கள். அந்த முடிவில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. இதை உங்களுக்குத் தனியாகச் சொல்லிவிட வேண்டும். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பாதி நிமிர்ந்த சக்கரத்தை வெளியே விடாதீர்கள். அவர்கள் நிலைமையைப் பார்த்து மனம் இளகினாலும் விடாதீர்கள்.

ஆனால் சக்கரத்தைக் கொடுக்க மறுத்த அந்த நிமிடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது உங்கள் சக்கரம் இல்லை பாய், உங்களுடையதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன், இது இன்னும் அரை மணிக்குக் குறையாமல் ஆகும், வேறு வழி பாருங்கள் என்று. மூன்று நான்கு வாக்கியம். அதற்குப் பதிலாக மூன்றாவது தடவை “பத்து நிமிஷம்” என்றேன். அப்போது நான் தலை நிமிரவில்லை. நிப்பிளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

9.50க்கு மாட்டி முடித்தேன். கஜா காற்றடித்தான். கேரியர் ஈரமாக இருந்ததால் தன் தோள் துண்டை மடித்து அதன்மேல் போட்டான். ஷமீமா ஏறி உட்கார்ந்துகொண்டு, “பத்தரை வரைக்கும் உள்ள வுடுவாங்க அத்தா, போலாம்,” என்றாள். பாய் எழுந்து நின்று மிதித்தார். கண்ணுக்கு எட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களை அல்ல, சக்கரத்தைப் பார்த்தேன். கொஞ்சமும் ஆடாமல் ஓடியது.

சொன்னபடியே 4.40க்குச் சண்முகையா வந்தார். முழங்கையில் கட்டு. “உள்ள போயி கார்டு போடவும் சங்கு ஊதவும் சரியா இருந்துச்சு அண்ணாச்சி. ஒங்களால தப்பிச்சேன்,” என்றார். காதர் பாயின் சக்கரத்தைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, திரும்பி வந்திருந்த பச்சை ஹப் சக்கரம் ஒன்றை அவருக்குப் போட்டு அனுப்பினேன்.

ஆறு மணிக்குக் காதர் பாய் வந்தார். தனியாக.

“வுடல மேஸ்திரி,” என்றார்.

கஜா ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

“பத்து முப்பத்தேழுக்குப் போய் நின்னோம். பத்தரைக்கு மேல ஒருத்தரையும் வுடக்கூடாதுன்னு ஆர்டராம். வாட்ச்மேன் இன்னா பண்ணுவான்? பஸ்ஸு இல்லன்னு அவனுக்கும்தான் தெரியும். உள்ள போயி கேட்டுட்டுத்தான் வந்தான். இன்னும் நாலஞ்சு பசங்க வெளிய நின்னுகினு அழுதுங்க.”

“ஷமீமா?”

“அது அழல. அதான் எனக்கு பயமா கீது. கேட்டாண்டயே கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் போலாம் அத்தான்னுச்சு.”

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடுவதற்குத்தான் திறந்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

“இன்னா ஒண்ணு மேஸ்திரி, எங்க மேல் மாடியில ஒரு டீச்சரம்மா குடியிருக்காங்க. அவங்க வூட்டுக்காரரு டெய்லி ஒம்பதே காலுக்கு ஸ்கூட்டர் எடுப்பாரு. பூந்தமல்லி வழியாத்தான் போறாரு. நாங்க கெளம்பச் சொல்லவே, பாப்பாவ நான் வுட்டுடட்டுமான்னு கேட்டாரு. நாந்தான், மேஸ்திரி கடையில சக்கரம் ரெடியா கீது, உங்களுக்கு எதுக்கு சிரமம்னுட்டேன். உங்க கடையிலேர்ந்து எங்க வூட்டுக்கு நாலு நிமிசம். இவ்ளோ நேரமாவும்னு யாருக்குத் தெரியும்? ரிம்மு அப்டி மொரண்டு பண்ணா நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்.”

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. விதியைச் சொல்கிற மாதிரி சொன்னார். அவருடைய சக்கரம் அவர் தலைக்கு மேலேதான் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

8.40க்கு நான் பத்து நிமிடம் என்றேன். ஸ்கூட்டர் கிளம்பியது 9.15க்கு. நடுவில் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. நான் சொன்ன முதல் பத்து நிமிடம் முடிந்தபோதும், இரண்டாவது முடிந்தபோதும் அந்த ஸ்கூட்டர் அவர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது.

“சைக்கிள வுட்டுட்டு டீ சாப்ட்டு வாங்க பாய். இன்னொரு தடவ கோட்டம் பாத்து வெக்கிறேன்,” என்றேன். அவர் டீக்கடைக்குப் போனதும் அவருடைய சக்கரத்தை எடுத்து மாட்டினேன். சண்முகையாவுடையதைக் கழற்றினேன். திரும்பி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்ப நல்லா கீது மேஸ்திரி,” என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனார்.

கஜா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். கடை சாத்தும்போது கேட்டான்.

“இத்தையும் நோட்டுல எழுதுவியா மாமே?”

எழுதினேன். அந்தப் பக்கம் இப்போது என் எதிரே இருக்கிறது. காதர் பாய், முன் சக்கரம், வந்தது 8.40, கொடுத்தது 9.50. யாருடைய சக்கரத்தை யாருக்குக் கொடுத்தேன் என்பது அதில் இல்லை. நான் பொய் எழுதவில்லை. எழுத வேண்டியதை விட்டுவிட்டேன். இருபத்தாறு வருட நோட்டுகளில் வேறெங்கும் அப்படி விட்டதாக நினைவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது கைமாற்றைப் பற்றி மட்டும் இல்லை. இன்னொருவர் சக்கரத்தை எடுத்துக் கொடுத்தது தவறுதான். ஆனால் சண்முகையாவின் முகத்தைப் பார்த்து அதைச் செய்தேன். அதற்கு ஒரு சமாதானமாவது உண்டு. பத்து நிமிடம் என்றதற்கு எதுவும் கிடையாது. வேலை நம் கையில் இருப்பதால் முடிவு எடுக்க வேண்டியவர் நாம் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பதா, நடப்பதா, மாடிவீட்டுக்காரரைக் கேட்பதா என்று. நாம் சொல்லும் நேரத்தை வைத்துத்தான் அவர் அதை எடுப்பார். ஒரு மணி நேரம் ஆகும் என்றால் திட்டுவார். திட்டிவிட்டு எழுந்து போவார். போகட்டும். அன்று காதர் பாய் என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால், அவர் மகள் பரீட்சை எழுதியிருப்பாள்.

அடுத்த தேர்வு மார்ச்சுக்குப் பிறகு. நிக்காஹ் ஜனவரியில் வைத்தார்கள். காதர் பாய் பத்திரிகையோடு கடைக்கே வந்தார். என் இரண்டு கையிலும் கிரீஸ். பெஞ்சில் வைத்துவிட்டு, “கண்டிப்பா வரணும் மேஸ்திரி. நீங்க ரெண்டு பேரும் வரணும்,” என்றார். கஜா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நீ போ மாமே. எனக்கு அங்க சோறு எறங்காது,” என்றான்.

நான் போனேன். பூந்தமல்லியில் ஒரு மண்டபம். பெண்கள் பகுதி திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஷமீமாவை நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை நல்லவராகத்தான் தெரிந்தார். சாப்பிட்டு எழுந்து கை கழுவி வந்தபோது காதர் பாய் என் தோளைப் பிடித்து வயதான ஒருவரிடம் அழைத்துப் போனார். அவருடைய அண்ணன். மாப்பிள்ளையைப் பார்த்து வைத்தவர்.

“அண்ணே, சொன்னேனே, பஸ்ஸு ஸ்ட்ரைக் அன்னிக்கு நம்ம புள்ளைக்கோசரம் கையெல்லாம் கிழிச்சிகினு வேல செஞ்சாருன்னு. இவருதான் அந்த மேஸ்திரி.”

பெரியவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நம்ம நசீபு அவ்ளோதான். ஆனா நீங்க பட்ட பாட்ட தம்பி சொல்லச் சொல்ல எனக்கு மனசு கேக்கல. அந்த ஒரு சக்கரத்துக்கு எத்தினி கம்பி மாத்துனீங்க?”

“முப்பத்திரண்டுல பதினொண்ணு,” என்றேன்.

அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்ன எண்களில் அது ஒன்றுதான் சரியானது.